பள்ளிக்கூடத்தில் வீதிப் பாதுகாப்புப் பாடம் தொடங்குவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

இரண்டு வருடத்துக்கு முன்னர் எங்கள் பள்ளிக்கூடத்தில் தரம் 3 படித்த ஒரு பிள்ளை, பஸ்ஸால் இறங்கி அதே பஸ்ஸின் முன்பக்கமாக ஓடி வீதியைக் கடக்கப் போனது. பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிள்காரருக்குப் பிள்ளை தெரியவில்லை, பிள்ளைக்கும் மோட்டார் சைக்கிள் தெரியவில்லை. கால் முறிந்தது. உயிர் தப்பியது பெரிய ஆறுதல். அந்தப் பிள்ளையின் வகுப்பாசிரியர் நான். அதற்கு முந்தைய வாரம்தான் "வீதியை அவதானமாகக் கடக்க வேண்டும்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். பிள்ளையின் கொப்பியைப் பிறகு எடுத்துப் பார்த்தேன், அந்த வரி அழகான கையெழுத்தில் அப்படியே இருந்தது.

கொப்பியில் இருந்தது காலுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை வீதியோரத்திலேயே, பிள்ளைகளை நடக்க வைத்துப் படிப்பிப்பது என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்தது ஒரு நாளில். செய்து முடிக்க எட்டு மாதம் போனது. அதில் ஆறு மாதம் கடிதம் பிழையான இடத்துக்குப் போனது, சரியான இடத்துக்குப் பிழையான வழியில் போனது, மழைக்காலத்தில் திகதி வைத்தது என்று வீணாகப் போன காலம். ஒழுங்கு தெரிந்திருந்தால் ஏழெட்டு வாரத்தில் முடித்திருக்கலாம். அந்த ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன். ஆசிரியராக இல்லாமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் பெற்றோராக இருந்தாலும் இதே வழிதான்.

1. கடிதம் எழுத முன்னர் மூன்று நாள் கேற்றடியில் நில்லுங்கள்

முதல் வேலை இதுதான். ஒரு கொப்பியும் பேனையும் போதும். காலையில் 6.45 முதல் மணி அடிக்கும் வரை, பிறகு பள்ளிக்கூடம் விடும் நேரம். சின்ன வகுப்புகள் முன்னரே விடுவதால் அந்த நேரத்தையும் பாருங்கள். மூன்று நாளில் ஒரு நாள் சந்தை நாளாக இருப்பது நல்லது.

எழுத வேண்டியவை: பிள்ளைகள் எதில் வருகிறார்கள், எந்த இடத்தில் வீதியைக் கடக்கிறார்கள், கடக்க முன்னர் நிற்கிறார்களா, எந்தப் பக்கம் பார்க்கிறார்கள். பாதசாரிக் கடவையில் கடக்கிறார்களா அல்லது ஐஸ்கிறீம்காரர் நிற்கும் இடத்துக்கு நேராகப் போகிறார்களா என்பதையும் குறியுங்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கடவை இருந்த இடம் ஒன்று, பிள்ளைகள் கடந்த இடம் இன்னொன்று. ஐஸ்கிறீம்காரரிடம் போய்ப் பேசினோம். அவர் அடுத்த நாளே வண்டியைக் கேற்றுப் பக்கமாக மாற்றிக்கொண்டார். எந்தக் கடிதமும் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு ஊருக்கும் ஆபத்து வேறு. காத்தான்குடி, கல்முனை, ஏறாவூர் போன்ற இடங்களில் பிரதான வீதியே கடைவீதி. காலையில் பஸ்ஸும் லொறியும் ஓட்டோவும் சைக்கிளும் ஒன்றுக்குள் ஒன்று போகும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் வாகனம் குறைவு, ஆனால் வருகிற வாகனம் வேகமாக வரும். மணல் ரிப்பர், உழவு இயந்திரம், மாடு எல்லாம் அதே வீதியில்தான். குருமண்வெளி, அம்பிளாந்துறை மாதிரித் துறையடிகளுக்குக் கிட்ட என்றால், பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வரும் மிதவை) கரைக்கு வந்ததும் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலேறி வரும். அந்த ஐந்து நிமிடம் பிள்ளைகள் வீதியில் இறங்கக் கூடாது. அம்பாறை மாவட்டத்தின் வயல் பகுதிகளில் வாய்க்கால் கட்டு வீதியால் நடந்து வரும் பிள்ளைகளுக்கு ஒதுங்க இடமே இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு எது பொருந்துமோ அதைத்தான் படிப்பிக்க வேண்டும். மூன்று நாள் நின்றால்தான் அது தெரியும்.

2. அந்த வீதி யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

நாங்கள் அதிக காலத்தைத் தொலைத்தது இங்கேதான். கேற்றுக்கு முன்னால் கடவை அழிந்து போயிருந்தது, பாடசாலை இருப்பதைக் காட்டும் பலகையும் இல்லை. பக்கத்தில் இருந்த அலுவலகம் ஒன்றுக்குக் கடிதம் கொடுத்துவிட்டு நான்கு மாதம் காத்திருந்தோம். கடைசியில் "இது எங்களுடைய வீதி அல்ல" என்று ஒரு வரிப் பதில் வந்தது.

பொதுவான கணக்கு இப்படி. ஏ, பி என்று இலக்கம் உள்ள வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போகிற ஏ4, திருகோணமலைப் பக்கம் போகிற ஏ15 இரண்டும் இதற்குள் வரும். சி, டி வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. ஊருக்குள் இருக்கும் உள்வீதிகள் பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபைக்கு. வாய்க்கால் கட்டு வீதி என்றால் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களம்.

யாருடையது என்று ஒருவருமே சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்). அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதி, "இன்ன வீதியைப் பராமரிக்கும் பொறுப்பு எந்த நிறுவனத்துக்கு உரியது" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். நான்கு மாதம் காத்திருப்பதை விட இது எவ்வளவோ மேல்.

கடவையும் பலகையும் வரும்வரை பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை. எங்கள் பழைய மாணவர்கள் சிலர் "நாங்களே பெயின்ற் வாங்கிக் கோடு போட்டுத் தருகிறோம்" என்று மனதார முன்வந்தார்கள். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். அதிகார சபை போடாத கோட்டில் சாரதி நிற்பார் என்ற உறுதி இல்லை, பிள்ளையோ கோட்டை நம்பி இறங்கிவிடும்.

3. கடிதங்கள்: யாருக்கு, எந்த ஒழுங்கில்

முதலில் ஒரு பக்கத் திட்டம் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் வாசிக்க மாட்டார்கள். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எந்தத் திகதிகள், எந்த இடம், எத்தனை பெரியவர்கள், மூன்று நாள் நின்று நீங்கள் கண்டவை. இவை போதும். அதிபர் தயங்கினால் இரண்டு விடயத்தை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வீதியில் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரையானவர்களின் சாவுக்கு முதல் காரணம் வீதி விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பாட நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆரம்பப் பிரிவுக்குச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்குள்ளே இதைச் செய்யலாம், தரம் 6க்கு மேல் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்துக்குள்ளே. புதிய பாடம் என்று சொல்லாதீர்கள், இருக்கிற பாடத்தின் செயற்பாடு என்று எழுதுங்கள். தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளைப் பரீட்சை முடியும்வரை தர மாட்டார்கள், அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். தரம் 3, 4 இல் தொடங்குங்கள்.

பிறகு கடிதங்கள். அதிபருக்கு ஒன்று. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எடுத்துக்கொண்ட தீர்மானத்தின் பிரதி ஒன்று. கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் ஒவ்வொன்று. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒன்று. கவனிக்க வேண்டியவை:

ஆசிரியர் நேரடியாக வலயத்துக்கு எழுதக் கூடாது. "அதிபர் ஊடாக" என்று போட்டு, அதிபரின் சிபாரிசும் கையொப்பமும் முத்திரையும் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். நான் இதை விட்டதால் ஒரு கடிதம் திரும்பி வந்தது, மூன்று வாரம் போனது.

பிள்ளைகள் கேற்றுக்கு வெளியே போகிறார்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். "வாயிலுக்கு முன்னால், வீதியோரத்தில், பாடசாலை நேரத்துக்குள்" என்று தெளிவாக. சுற்றுலா அனுமதிப் படிவம் தேவையா என்ற குழப்பம் எங்களுக்கு வந்தது. வலயத்தில் நேரில் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். உங்கள் வலயத்திலும் அப்படியே செய்யுங்கள். வாயால் சொன்ன "ஓம்" அந்த உத்தியோகத்தர் இடமாற்றமாகிப் போனதும் போய்விடும்.

பொலிஸுக்குப் போகிற கடிதத்தோடு சிங்களப் பிரதியும் ஒன்று வைத்தால் வேலை வேகமாக நடக்கும். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மேசைக்கு மேசை போகும்போது யாராவது மொழிபெயர்த்துச் சொல்லும்வரை அது அப்படியே கிடக்கும். பாடசாலையிலேயே சிங்களம் படிப்பிக்கும் ஆசிரியர் இருந்தால் அரை மணித்தியாலத்தில் எழுதித் தருவார்.

எந்தக் கடிதமானாலும் இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபால். இரண்டு வாரத்தில் ஒரு தடவை போய்க் கேளுங்கள், கோபப்படாமல்.

4. பெற்றோர்

சம்மதப் படிவம் கட்டாயம், ஒரு பிள்ளைக்கு ஒன்று. என்ன செய்யப் போகிறோம், எங்கே, எந்த நாள், எத்தனை பெரியவர்கள் நிற்பார்கள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கம், பிள்ளைக்கு ஏதாவது நோய் இருக்கிறதா, கையொப்பம். வட்ஸ்அப்பில் "சரி" என்று போட்டதைச் சம்மதமாக எடுக்காதீர்கள். வெளிநாட்டில் தாயோ தகப்பனோ இருக்கிற பிள்ளைகள் நம் பகுதியில் நிறைய, அம்மம்மாதான் பார்ப்பார். யார் பாதுகாவலர் என்று பாடசாலைப் பதிவில் இருக்கிறதோ அவர் கையொப்பமிட வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டு வாங்கி, சாட்சியாக ஒருவர் கையொப்பமிடட்டும்.

இன்னொரு விடயம் மிக முக்கியம். விபத்தில் தகப்பனையோ சகோதரத்தையோ இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம். முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அந்தப் பிள்ளை வர விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், பிறகு தனியாகச் சொல்லிக் கொடுக்கலாம்.

பெற்றோர் கூட்டம் ஒன்று வையுங்கள், அரை மணித்தியாலம் போதும். பிள்ளைக்கு எதைப் படிப்பிக்கப் போகிறீர்களோ அதை முதலில் அவர்களுக்குச் செய்து காட்டுங்கள். பிள்ளையை வீதியின் மறுகரையில் இறக்கிவிட்டு "ஓடு மகள், மணி அடிக்கப் போகுது" என்று சொல்வது நாங்கள்தான். அதை அந்தக் கூட்டத்தில் ஒரு தாய் தானாகவே எழுந்து சொன்னார். அதன் பிறகு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

5. செலவு

பெரிய காசு தேவையில்லை. தரம் 3, 4 இரண்டுக்கும் சேர்த்து எங்களுக்கு முடிந்தது ஒன்பதாயிரம் ரூபாய்க்கு உள்ளே. படிவங்களும் கடிதங்களும் போட்டோகொப்பி எடுத்தது, மைதானத்தில் கோடு போட நீறு, பிரிஸ்டல் போட், 50 மீற்றர் கயிறு, ஒளியைத் திருப்பிக் காட்டும் ஸ்டிக்கர், பிள்ளைகளுக்குக் குளிர்பானமும் பிஸ்கட்டும், நான்கு தடவை வலயத்துக்கும் பொலிஸுக்கும் போய் வந்த பெற்றோல். ஹெல்மட்டுகள் ஆசிரியர்களுடையவை.

செலவை ஏற்றுவது பனரும் மேடையும்தான். அதற்குப் போகிற காசில் சைக்கிளில் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் பின்பக்கச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். அன்பளிப்பாகக் காசு வந்தால் சங்கத்தின் பற்றுச்சீட்டுக் கொடுத்து, கணக்கை அடுத்த கூட்டத்தில் வாசித்துவிடுங்கள்.

6. பாடம்

ஒரே நாளில் செய்யாதீர்கள். நாங்கள் நான்கு வாரம், வாரத்தில் ஒரு தடவை செய்தோம். நாலும் நாலு இடத்தில்.

முதல் வாரம் வகுப்பில். நீங்கள் கேற்றடியில் எழுதிய குறிப்பை வைத்து, பிள்ளைகளையே வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் பாதையை வரையச் சொல்லுங்கள். எங்கே பயமாக இருக்கும் என்று சிவப்புப் புள்ளி வைக்கட்டும். பெரியவர்களுக்குத் தெரியாத இடமெல்லாம் வெளியே வரும். நாய் துரத்துகிற வளவு, மதில் மூலையால் வாகனம் தெரியாத ஒழுங்கை, அறுவடை நேரத்தில் நெல் காயப் போட்டு வீதியோரம் முழுக்க மூடியிருக்கும் இடம். நெல் காயும் இடத்தில் பிள்ளை நடு வீதிக்கு இறங்கித்தான் போக வேண்டும். அந்த இடத்தில் நின்று, வாகனம் போன பிறகு போகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் மைதானத்தில். நீற்றால் வீதி வரையுங்கள், உண்மையான அகலத்தில். சின்ன வீதி வரைந்தால் பிள்ளை நாலு எட்டில் கடந்துவிடும், பழக்கம் பிழையாகும். பிறகு கயிறு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடும். சாரதி கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு செக்கன் போனால் அந்த 14 மீற்றர் அப்படியே போய்விடும், பிறகு நிற்க காய்ந்த வீதியில் இன்னும் 14 மீற்றர் அளவில் வேண்டும். ஆகமொத்தம் 28. கயிற்றை 28 மீற்றருக்கு இழுத்துப் பிடித்து, ஒரு முனையில் ஒரு பிள்ளையை நிறுத்தி மற்ற முனையில் இன்னொரு பிள்ளையை "மோட்டார் சைக்கிளாக" நிறுத்துங்கள். 70இல் வந்தால் 46 மீற்றர் அளவில் போகும். கயிற்றை நீட்டிக்கொண்டே போகும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். "அண்ணா கண்டவுடனே பிரேக் அடிப்பார்தானே சேர்" என்று கேட்டவன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஈர வீதியில் இது இன்னும் கூடும் என்பதையும் சொல்லுங்கள், நம் மாரிகாலம் அப்படி.

மூன்றாவது வாரம் கேற்றுக்கு வெளியே, ஆனால் வீதியில் இறங்காமல். பார்ப்பது மட்டும். ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கூடினால் ஆறு. காலை 9 மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், வாகனம் குறைந்திருக்கும். பிள்ளைகள் ஒரு வாகனத்தைக் காட்டி, அது கிட்ட வர எத்தனை எண்ணலாம் என்று எண்ணட்டும். ஒன்பது, பத்து வயதுக்குக் கீழே வேகத்தைக் கணிப்பது பிள்ளைகளுக்குக் கஷ்டம். தூரத்தில் தெரிகிற வாகனம் எல்லாம் அவர்களுக்கு மெதுவாகத்தான் வருகிறது. ஆகவே "வேகமாக வருகிறதா என்று பார்" என்று சொல்வதில் பயன் இல்லை. "தெரிகிறதா? அப்படியானால் நில், போகட்டும்" என்று சொல்லுங்கள்.

நாலாவது வாரம் கடப்பது. ஒவ்வொரு பிள்ளையும், ஒருவர் பின் ஒருவராக, முதலில் பெரியவரின் கையைப் பிடித்து, பிறகு பெரியவர் பக்கத்தில் நிற்க. நில், வலது பார், இடது பார், மறுபடி வலது பார், கேள், நட. ஓடாதே. பாதி வழியில் பார்ப்பதை விட்டுவிடாதே. வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஒரு பிள்ளைக்கு மூன்று தடவையாவது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. யூடியூப்பில் கிடைக்கும் பிள்ளைகளுக்கான பாட்டும் கார்ட்டூனும் நிறைய அமெரிக்காவில் செய்தவை. அங்கே வாகனம் வலது பக்கமாக ஓடும், ஆகவே "இடது, வலது, இடது" என்று படிப்பிப்பார்கள். நம் நாட்டில் இடது பக்கமாக ஓடுகிறது, முதலில் நம்மை நோக்கி வருவது வலப்பக்கத்தால். வீடியோ போட முன்னர் முழுவதும் பார்த்துவிடுங்கள். விபத்துப் படங்களையும் இரத்தத்தையும் காட்டவே வேண்டாம். பயந்த பிள்ளை வீதியில் இறங்கியதும் ஓடும், அல்லது நடு வீதியில் உறைந்து நின்றுவிடும்.

இவற்றோடு, நம் பகுதிக்கென்று சிலதைக் கட்டாயம் சேருங்கள்:

பஸ்ஸால் இறங்கினால் பஸ் போகும்வரை ஓரத்தில் நில். முன்னாலும் போகாதே, பின்னாலும் போகாதே. வேறு எதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இதைப் படிப்பித்துவிடுங்கள். ஒரு நிறுத்திய வானை வைத்து மைதானத்தில் செய்து பார்க்கலாம்.

நடைபாதை இல்லாத வீதியில் வலது ஓரத்தால், வாகனத்தைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக. இரண்டு பேர் கைகோர்த்து நடந்தால் வெளிப்பக்கம் நடப்பவர் வீதிக்குள் நிற்பார்.

சைக்கிள் கரியரில் இருக்கும் சின்னப் பிள்ளையின் கால் சில்லுக்குள் போவது. நம் ஊரில் இந்தக் காயம் இல்லாத பள்ளிக்கூடம் இருக்காது. கால் வைக்க இடம் பொருத்தி, சில்லுக்கு மறைப்புப் போட வேண்டும். செருப்பு, சப்பாத்து இல்லாமல் ஏற்ற வேண்டாம். ஷோலும் பர்தாவும் சில்லுக்கும் செயினுக்கும் எட்டாதபடி சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மழையில் குடை. முகத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடித்தால் வலமும் தெரியாது இடமும் தெரியாது. கடக்கும்போது குடையை உயர்த்திப் பிடி. வெள்ளம் நிற்கும் இடத்தில் குழி எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியாது, தனியாக இறங்காதே.

பின்னேர ரியூசன். பெரிய பிள்ளைகள் ஆறரை, ஏழு மணிக்கு லைற் இல்லாத சைக்கிளில் வருகிறார்கள். முன்லைற் பொருத்தவும் பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவும் ஒரு நாளை ஒதுக்குங்கள், பள்ளிக்கூடத்திலேயே ஒட்டி விடுங்கள். வீட்டுக்குக் கொடுத்து விட்டால் மேசை லாச்சிக்குள் கிடக்கும்.

7. ஹெல்மட்

ஹெல்மட்டைப் பற்றிப் பேசாமல் போட்டுப் பார்க்க வையுங்கள். பட்டி பூட்டியதும் நாடிக்கும் பட்டிக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. தலையை ஆட்டினால் ஹெல்மட் தனியாகச் சுழலக் கூடாது. தகப்பனின் ஹெல்மட்டைப் போட்ட பிள்ளைக்கு அது தொப்பிதான், விழும்போது தலைக்கு முன்னமே அது விழுந்துவிடும். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவரும் போட வேண்டும் என்பது சட்டம். வாங்கும்போது எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர நியமம்) முத்திரை பாருங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்டது, மலிவு விலையில் வந்த பழையது இரண்டும் வேண்டாம்.

பெற்றோல் தாங்கிக்கு மேல் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளை என்று வருவதைப் பற்றி பிள்ளைகளிடம் ஏசி வேலை இல்லை. அது பெற்றோர் கூட்டத்துக்குரிய பேச்சு. பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள் ஓடுவதும் அப்படித்தான். 18 வயதுக்கு முன்னர் சாரதி அனுமதிப்பத்திரம் கிடையாது என்று எல்லா வீட்டுக்கும் தெரியும், திறப்பைக் கொடுப்பது வீடுதான்.

8. பொலிஸார் வரும் நாள்

போக்குவரத்துப் பிரிவிலிருந்து ஒருவரைக் கேட்டால் பெரும்பாலும் வருவார்கள், எங்களுக்கு வந்தவர் மிகவும் பொறுமையானவர். கடிதத்திலேயே "தமிழில் பேசக்கூடிய உத்தியோகத்தர்" என்று கேளுங்கள். வர ஒரு நாள் முன்னர் உங்கள் நான்கு வாரத் திட்டத்தைக் கொடுத்து, எந்த மூன்று விடயத்தைப் பேச வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அபராதத் தொகை பற்றிப் பேச்சு நடக்கும்.

நாலாவது வாரத்துக்குக் கேளுங்கள். வீதியில் வாகனத்தை நிறுத்தி வைக்க அவர் இருப்பது பெரிய பலம். ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம், கதிர்காம யாத்திரை, தேர்தல் காலம் ஆகியவற்றில் கேட்காதீர்கள், அவர்களால் வர முடியாது.

பிள்ளைகளை நிறுத்தற் பலகையோடு கடவையில் நிற்க வைப்பதைப் பற்றி. ஆரம்பப் பிரிவுப் பிள்ளையை ஏ வீதியில் வாகனம் மறிக்க விடாதீர்கள், படம் எடுக்க அழகாக இருந்தாலும். உயர்தர மாணவர் என்றாலும் பொலிஸார் பழக்கிய பிறகு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கத்தான்.

பிரதம விருந்தினருக்காகத் திகதி மாற்றாதீர்கள். நாங்கள் இரண்டு தடவை மாற்றினோம். இரண்டாவது தடவை மாற்றிய திகதியில் அடைமழை.

9. எந்த மாதம்

முதலாம் தவணை தொடங்கி இரண்டு வாரம் கழித்து என்றால் நல்லது, புதுப் பிள்ளைகள் அப்போதுதான் பழகியிருப்பார்கள். கார்த்திகை முதல் தை நடுப்பகுதி வரைக்கும் நம் பகுதியில் வெளியில் எதையும் நம்பித் திட்டம் போட முடியாது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்கேற்ற தனித் தவணைக் கலண்டர், வெள்ளிக்கிழமை ஜும்ஆ. பக்கத்துப் பாடசாலையோடு சேர்ந்து செய்வதென்றால் இரண்டு கலண்டரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வெயில் காலத்தில் 10 மணிக்கு முன்னர் முடித்துவிடுங்கள்.

மொத்தமாக: பார்ப்பதற்கு ஒரு வாரம், கடிதங்களுக்கு இரண்டு மூன்று வாரம், பாடத்துக்கு நான்கு வாரம். வீதி அலுவலகத்தின் பதில் எப்போது வருமோ அப்போது வரட்டும்.

10. விபத்து நடந்தால் பிள்ளை என்ன செய்ய வேண்டும்

அம்புலன்சுக்கு 1990, பொலிஸுக்கு 119. இரண்டும் இலவசம். இலக்கத்தைப் பாடமாக்கினால் மட்டும் காணாது, இடத்தைச் சொல்லப் பழக்க வேண்டும். "கோயிலடியில்" என்றால் எந்தக் கோயில் என்று மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாது. ஊர், வீதியின் பெயர், கிட்ட உள்ள பள்ளிக்கூடம் என்ற ஒழுங்கில் சொல்லட்டும். தொலைபேசி இருப்பதாக நடித்துச் செய்து பார்க்கலாம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அடிபட்டவரைத் தூக்கக் கூடாது, தண்ணீர் பருக்கக் கூடாது, பெரியவரைக் கூப்பிட வேண்டும், வீதியில் இறங்கக் கூடாது.

11. முடிந்த பிறகு மறுபடி கேற்றடியில் நில்லுங்கள்

மூன்று வாரம் கழித்து, சொல்லாமல், அதே நேரத்தில், அதே கொப்பியோடு. எழுத்துப் பரீட்சை வைத்தால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள், அதைத்தான் நான் முன்னரே கண்டேன். நின்றார்களா, வலது பார்த்தார்களா, நடந்தார்களா என்று மட்டும் குறியுங்கள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் நின்றார்கள், பார்த்தார்கள், ஆனால் பஸ் போகும்வரை காத்திருப்பதைச் சிலர் மறந்துவிட்டார்கள். ஆகவே அதை மட்டும் மறுபடி, வானை நிறுத்தி, ஒரு பாட நேரம் செய்தோம். ஒவ்வொரு தவணையிலும் ஒரு தடவை இப்படிச் செய்யுங்கள்.

எல்லாக் கடிதங்களையும், முத்திரை வாங்கிய பிரதிகளையும், சம்மதப் படிவத்தின் மாதிரியையும், செலவுக் கணக்கையும், கேற்றடிக் கொப்பியையும் ஒரு கோவையில் போட்டு அலுவலகத்தில் வையுங்கள், உங்கள் வீட்டில் அல்ல. எனக்கு இந்த வருடம் இடமாற்றம் வந்தது. புதிதாக வந்த டீச்சரின் கையில் கோவையைக் கொடுத்து, முதல் பக்கத்தில் பொலிஸ் நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தையும், ஐஸ்கிறீம்காரரிடம் ஒவ்வொரு தவணையும் ஒருக்கால் பேச வேண்டும் என்பதையும் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.